நீல எழுத்தை அழிச்சிடாதீங்க

என்னங்க,

ரொட்டியும் கட்டசம்பலும் மூடி வச்சிருக்கேன். கொம்யூனிகேஷன் கடையை இன்னிக்கு நான்தான் திறக்கணும், அதான் முந்தியே போறேன்.

அடையாள அட்டை இல்லாத தேயிலைத் தோட்டத்து ஆளுங்க லிஸ்ட், நூத்தியெண்பது பக்கத்தையும் ராத்திரி முழிச்சுத் திரும்பச் சரி பண்ணிட்டேன். நேத்து பிழைன்னு நினைச்சு நீங்க அழிச்ச நீல எழுத்தெல்லாம் பிழை இல்லைங்க, லிங்க். நான் ரெண்டு நாளா உக்காந்து போட்டது! இருந்தாலும் நான் அப்படிக் கத்தியிருக்கக் கூடாது.

முதல் பக்கத்துல தோட்டத்துப் பேரெல்லாம் இருக்கு. கன்ட்ரோல் பட்டனை அமுக்கிக்கிட்டே பேரு மேல கிளிக் பண்ணுங்க, அந்தத் தோட்டத்துப் பக்கத்துக்கே போயிடும். பத்து மணிக்கு ஆபீஸர்மாரு பேரெடுக்க வர்றப்ப, மவுஸை உருட்டிக்கிட்டே திட்டாதீங்க.

கண்ணாடி டிவி மேல இருக்கு.

புஷ்பலதா

பி.கு: எல்லாத்துக்கும் மேல தனியா ஒரு நீலப் பேரு இருக்கும். எங்க அம்மா பேரு. ஊருக்கெல்லாம் நீங்க ஃபோம் நிரப்பிக் குடுத்துட்டு, அவங்க கடைசிப் பக்கத்துல இருக்காங்க, நேரம் போயிடுச்சுன்னு ஆபீஸர்மாரு வந்த மூணு தடவையும் அவங்களை விட்டுட்டீங்க. எழுபத்திமூணு வயசாச்சு அவங்களுக்கு. இந்தத் தடவை ஒரே கிளிக்தாங்க.