கிழக்கு மூலையில் ஒரு கேம்ப்

ஜனவரி 8

காலையிலிருந்து கிழக்குக் காற்று. மாடி அறை ஜன்னலைத் திறந்தால் முதலமடை ஸ்டேஷனின் ஆலமரம் பறந்து கட்டிலுக்கு அடியில் போகிறது. கொக்கியில் துணி சுற்றி மூடிவிட்டு வேலை.

முதலமடை என்றால் எங்கள் மாடலில் இருக்கும் முதலமடை. பழைய கதவுப் பலகை, அதன் மேல் பொள்ளாச்சி–பாலக்காடு லைனில் ஒரு துண்டு. ஸ்டேஷன், மாந்தோப்பு, ஒரு லெவல் கிராஸ், சுற்றி வரும் தண்டவாளம். அண்ணா பிளஸ் டூ படிக்கும்போது ஆரம்பித்தது. பட்டாளத்தில் சேர்ந்த பிறகு லீவில் வரும்போதெல்லாம் கோயம்புத்தூரில் இறங்கி ஒரு பெட்டியோ தண்டவாளமோ வாங்கி வருவார். அவர் இல்லாதபோது தூசு தட்டுவதும் மாமரம் நடுவதும் நான்.

சாயங்காலம் வாசகசாலை செக்ரட்டரி மாஸ்டர் (இனி செ.மா., கை வலிக்கிறது) வந்து பார்த்தார். ரயில் ஒரு சுற்று ஓடியதும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மலையாளம் பாதி, தமிழ் பாதியாகப் பேசுவார்.

"ரிபப்ளிக் டேக்கு இத வாசகசாலையில வெக்கலாம் மோளே. பட்சே அன்னைக்கு ஏத்த மாதிரி எந்தெங்கிலும் ஒண்ணு வேணும். ஒரு மிலிட்டரி கேம்ப் வெச்சா நல்லா இருக்கும். சேட்டன் யூனிபார்ம்ல வந்து திறந்து வெக்கட்டும்."

அப்பா அப்போதே, "வெச்சரலாமுங்க மாஸ்டர். என்ற பையன் பொங்கலுக்கு வந்துருவான்" என்றார். அண்ணாவைக் கேட்கவில்லை.

அண்ணா சேர்ந்தது நாலு வருஷ வேலை. இந்தப் பொங்கலோடு முடிகிறது. அதற்குப் பிறகு கொஞ்சம் பேரை மட்டும் நிரந்தரமாக வைத்துக்கொள்வார்கள். அப்பா ஊரில் இதைச் சொல்லும்போது 'கொஞ்சம் பேர்' என்பதை மட்டும் விட்டுவிடுகிறார். அண்ணாவை வைத்துக்கொள்வார்கள் என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை. எனக்கும் இல்லை. அண்ணா ஓடினால் ஊரில் யாரும் பிடிக்க முடியாது.

ஜனவரி 9

கணக்குப் பரீட்சை சுமார்.

கேம்ப்புக்கு இடம்: கிழக்கு மூலை. மலை வைப்பதற்காக விட்டிருந்த காலி இடம்.

வேண்டியவை: தீப்பெட்டி (லாரி). தீர்ந்துபோன ரீஃபில் (பீரங்கி). அப்பாவின் பழைய காக்கிச் சட்டைக் கை (கூடாரம்). ஈர்க்குச்சி (சிப்பாய்). கேட். மெயின் லைனிலிருந்து பிரிந்து கேம்ப்புக்குள் போக ஒரு சைடிங் (கிளைத் தண்டவாளம்). தண்டவாளத்தைப் பிரித்துவிடும் பாயின்ட் ஒன்று, அண்ணா போன லீவில் வாங்கி வைத்தது, சும்மா கிடக்கிறது.

ஒரு யோசனை. உண்மையான முதலமடையில் கேம்ப் கிடையாது. நாம் வைத்தால் அது பொய்யா? ஆனால் உண்மையான முதலமடையில் மாமரம் சுண்டுவிரல் உயரமும் இல்லை. எந்த இடத்தில் மாடல் பொய்யாகிறது? நாளைக்கு யோசிக்க வேண்டும். இப்போது தூக்கம்.

ஜனவரி 12

கேம்ப் முடிந்தது. முன்வரிசையில் ரீஃபில் பீரங்கிகள், பின்னால் சிப்பாய்கள், அதற்குப் பின்னால் கூடாரங்கள். எல்லாம் பார்ப்பவரைப் பார்த்தபடி. யாழினி எழுதிய எழுத்திலேயே நல்ல எழுத்தில் 'இராணுவ முகாம்' என்று பலகை. யாழினி = நான்.

அம்மா பால் சொசைட்டியிலிருந்து வந்து எட்டிப் பார்த்தாள். "சிப்பாயிக்கெல்லாம் மூஞ்சியே இல்லியே கண்ணு" என்றாள். ஈர்க்குச்சியில் மூஞ்சி எப்படி வரைவது.

ஜனவரி 13

காப்புக்கட்டு. வேப்பிலை, ஆவாரம்பூ, பூளைப்பூ சேர்த்துக் கட்டி வாசலில் சொருகியாயிற்று. மிச்சமான பூளைப்பூவை மாடலுக்கு எடுத்து வைத்தேன்.

மத்தியானம் அண்ணா வந்தார். ஆட்டோவில் கறுப்பு டிரங்குப் பெட்டி, சுருட்டிக் கட்டிய படுக்கை, இரண்டு பை. கறுத்து இளைத்திருக்கிறார். என்னைப் பார்த்து, "ஏம் பாப்பா, கண்ணாடி போட்டாச்சா" என்றார். போட்டு ஒரு வருஷம் ஆகிறது. போன லீவிலும் இதையே கேட்டார்.

பக்கத்துத் தோட்டத்துப் பொன்னுசாமி மாமா வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து, "பட்டாளம் வந்திருச்சாட்டக்குது" என்றார்.

அப்பா: "வந்திருச்சுங்க மாமா. ரிபப்ளிக் டேக்குக் கொடி ஏத்தறதே அவந்தான். நீங்க வந்தரோணும்."

அண்ணா திரும்பி அப்பாவைப் பார்த்தார். டிரங்குப் பெட்டியை ஒரே ஆளாகத் தூக்கிக்கொண்டு உள்ளே போனார். அம்மா அந்தப் பெட்டியையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

ஜனவரி 14

பொங்கல். கேரளத்தில் எங்கள் மாதிரி சில ஜில்லாக்களுக்கு மட்டும் இன்று பள்ளி லீவு.

சாப்பிட்டதும் அண்ணாவைக் கண்ணை மூடச் சொல்லி மாடிக்கு அழைத்துப் போனேன். கண்ணைத் திறந்தவர் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு சிரித்த சிரிப்பில் கட்டிலில் உட்கார்ந்துவிட்டார்.

"இது கேம்ப்பா, கொலுவா?"

எனக்கு முகம் சுருங்கிவிட்டது. கல்பாத்தியில் என் சிநேகிதி வீட்டில் கொலு பார்த்திருக்கிறேன். அவர் சொன்ன பிறகு பார்த்தால் அப்படியே அதுதான். படி மட்டும்தான் இல்லை.

"பீரங்கியெல்லாம் இப்பிடி வாசல்ல நிக்காது பாப்பா. மூடித்தான் வெச்சிருப்பாங்க. வெளிய தெரியறது துணி காயற கம்பி, தண்ணி டேங்க்கு, சமையக் கொட்டாய், வரிசை. எதுக்கெடுத்தாலும் வரிசை."

"அப்ப சண்டைங்ண்ணா?"

"சண்டைக்கு முந்தி செங்கல்லுக்குப் பெயின்ட் அடிக்கோணும்."

நடைபாதை ஓரத்தில் செங்கல்லைச் சாய்த்து நட்டு, காவியும் சுண்ணாம்பும் மாற்றி மாற்றி அடிப்பார்களாம். மரத்துக்கும் இடுப்பு உயரம் காவி, அதற்கு மேல் ஒரு வெள்ளைப் பட்டை. பெரிய அதிகாரி வரும்போதெல்லாம் புதிதாக அடிக்க வேண்டும். நம் மாரியம்மன் கோயில் மதில் மாதிரியா என்று கேட்டேன். அதே மாதிரிதான், பூசாரி மட்டும் வேற என்றார்.

"நாலு வருசத்துல துப்பாக்கியப் புடிச்சதவிட பிரஷ்ஷப் புடிச்சதுதான் நெம்ப."

பீரங்கிகளை எடுத்துவிட்டோம். எனக்கு வருத்தமாகத்தான் இருந்தது.

ஜனவரி 16

மாட்டுப்பொங்கல் முடிந்ததும் நல்ல வேலை. நூலில் துணி காயப் போட்டோம், பனியனும் சாக்ஸும், என் பழைய ரிப்பனை வெட்டி. சமையல் கொட்டாய்க்குப் பூளைப்பூவில் புகை. அண்ணா ஈயம் வைத்து சைடிங் வயரை ஒட்டினார். இப்போது எஞ்சின் பின்னாலிருந்து தள்ள, லாரி ஏற்றிய பிளாட் வேகன் கேம்ப்புக்குள் போகிறது. கேட்டில் ஒருத்தன் நின்று பார்க்கிறான். கொடிமரத்தைச் சுற்றி காவி, வெள்ளை, காவி, வெள்ளை. இப்போது அது ஆட்கள் இருக்கிற இடம் மாதிரி இருக்கிறது. சண்டை எங்கே என்று தேட வேண்டியிருக்கிறது. அதனாலேயே கொஞ்சம் பயமாகவும்.

ஒரு ஈர்க்குச்சிச் சிப்பாய்க்கு மட்டும் மீசை வரைந்திருந்தேன். அதை நீட்டி, "இது நீங்க. கேட்டுல நிறுத்தட்டுங்களா, கொடிமரத்துக்கிட்டயா?" என்றேன்.

உள்ளங்கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"என்னைய நிறுத்த வேண்டாம் பாப்பா. என்னைய அவங்க வெச்சுக்கல."

புரியவில்லை.

"லீவுல வரல. ஒரேயடியா வந்துட்டேன்."

நான் கேட்டது முட்டாள்தனமான கேள்வி. "நீங்க ஏதாச்சும் தப்புப் பண்ணீங்களா?"

"இல்ல. எல்லாரும் நல்லாத்தான் பண்ணோம். எடம் கொஞ்சந்தான்."

அப்பாவிடம் தானே சொல்வதாகச் சொன்னார். நான் சொல்லக் கூடாது. சரி என்றேன். அதற்குள் கீழேயிருந்து அப்பா, செ.மா.வோடு போனில் பேசுகிற சத்தம். சால்வை பற்றி.

ஜனவரி 19

காற்று. உதடு வெடித்து ரத்தம்.

தெரிந்த ஒன்றைத் தெரியாத மாதிரி வைத்துக்கொள்வது கஷ்டம். சாப்பிடும்போது அப்பா அண்ணாவைப் பார்த்தால் நான் ரசத்தைப் பார்க்கிறேன். இன்று அப்பா, "அடுத்து எங்க போடுவாங்களாம்? மறுபடி வடக்கயா?" என்றார். "தெரியலீங்கப்பா" என்றார் அண்ணா. அது பொய் இல்லை. ஆனால் உண்மையும் இல்லை. மாடலைப் பற்றி நான் கேட்ட கேள்வி இதைவிட எளிது.

பொன்னுசாமி மாமா வேலிப்பக்கம்: "மிலிட்டரிக்காரரு தாடி வளக்கறாரு. லீவுல சவரம் வேண்டாமாட்டக்குது." அண்ணா சிரித்துவிட்டு உள்ளே வந்தார். உடனே சவரம் செய்துகொண்டார்.

சாயங்காலம் பால் சொசைட்டிக்கு அம்மாவுக்குத் துணையாகப் போனேன். கேன்களைக் கழுவிக் கவிழ்த்துக்கொண்டே அம்மா சாதாரணமாகச் சொன்னாள்:

"நீ எதுக்கு மூஞ்சியத் தூக்கி வெச்சிருக்கறேன்னு தெரியும். லீவுக்கு வர்றவன் மெத்தையச் சுருட்டிக்கிட்டு வருவானா? வந்த அன்னிக்கே எனக்குத் தெரிஞ்சு போச்சு."

"அப்ப அப்பாகிட்டச் சொல்லலீங்களா?"

"அவனா சொல்லட்டும். நாஞ் சொன்னா, உங்கொப்பன் என்ற மேல கோவிச்சுட்டு அதோட முடிச்சுருவாரு. அவங்கூடப் பேச மாட்டாரு."

வீட்டில் அப்பாவைத் தவிர எல்லோருக்கும் தெரியும். அப்பா ஊரில் எல்லோருக்கும் வேறொன்றைச் சொல்லிக்கொண்டிருக்கிறார். பாவமாக இருக்கிறது. யார் மேல் என்று தெரியவில்லை.

ஜனவரி 24

சொல்லிவிட்டார்.

காலையில் அப்பா இஸ்திரிப் பெட்டியைச் சூடு போட்டு, மேஜையில் போர்வை விரித்து, "யூனிபார்ம எடுத்துட்டு வாடா. மடிப்பு வெச்சுத் தர்றேன்" என்றார். அப்பா தேங்காய் லோடு வண்டி ஓட்டுபவர். தன் சட்டைக்கே இஸ்திரி போட்டதில்லை.

அண்ணா வெறும் கையோடு வந்து நின்றார்.

"போட முடியாதுங்கப்பா. நான் வெளிய வந்துட்டேனுங்க. நிரந்தரமா எடுக்கல."

அப்பா பெட்டியைப் போர்வை மேல் வைத்தபடி நின்றார். புகை வந்தது. அம்மா ஓடி வந்து பிளக்கைப் பிடுங்கினாள்.

"ஊருக்கெல்லாம் சொல்லிப்போட்டனே."

அவ்வளவுதான் சொன்னார். செருப்பு போட்டுக்கொண்டு தோப்புக்குப் போய்விட்டார். சாப்பிட வரவில்லை.

மாடியில் அண்ணாவிடம், வேண்டுமானால் கேம்ப்பை எடுத்துவிடலாம், மலையே வைத்துவிடலாம் என்றேன். ஒரு ராத்திரி போதும், காகிதக் கூழ் இருக்கிறது.

"எதுக்கு? நான் இல்லீன்னாலும் அங்க மத்தவங்க இருக்கறாங்கல்ல."

துணிக் கம்பியில் சாய்ந்திருந்த ஒரு பனியனை நேராக்கினார்.

ஜனவரி 25

அப்பா அண்ணாவோடு பேசவில்லை. அண்ணா இருக்கிற அறைக்கு வருவதும் இல்லை. ஒரே வீட்டில் இப்படி நடப்பதற்கு நிறைய திறமை வேண்டும்.

அண்ணாவே செ.மா.வுக்குப் போன் செய்து, யூனிபார்ம் போட முடியாது, பட்டாளத்திலிருந்து வந்துவிட்டேன் என்று சொன்னார். செ.மா., சாதாரணச் சட்டை போட்டுக்கொண்டு வா, அது போதும் என்றாராம். நல்ல மனுஷர். ஆனால் நோட்டீஸ் அச்சடித்தாயிற்று. மாற்ற முடியாது.

அப்பாவுக்கு இது தெரியுமா என்று தெரியவில்லை. அவரிடம் சொல்ல யாருக்கும் வாய் வரவில்லை.

ஜனவரி 26

எழுத நிறைய. வரிசையாக எழுதப் பார்க்கிறேன்.

விடிந்ததும் வாசலில் அப்பாவின் வண்டி, பின்பலகை திறந்து. உள்ளே வைக்கோல் பரப்பி, மேலே இரண்டு போர்வை. யாரும் கேட்கவில்லை. அண்ணாவும் நானும் அம்மாவும் கதவுப் பலகையைத் தூக்கி வைத்தோம். அப்பா ஸ்டியரிங்கில் உட்கார்ந்து முன்னால் பார்த்துக்கொண்டிருந்தார். ஆனால் வாசகசாலை வரை அவ்வளவு மெதுவாக அவர் ஓட்டி நான் பார்த்ததில்லை. வேலந்தாவளம் சந்தைக்கு மாடு ஏற்றிப் போன வண்டிகள் எல்லாம் ஹார்ன் அடித்துக்கொண்டு முந்திப் போயின.

அப்படியும் சைடிங் வயர் விட்டுவிட்டது. மெயின் லைனில் ரயில் ஓடுகிறது. கேம்ப்புக்குள் திரும்பினால் நின்றுவிடுகிறது. ஈயம் வைக்கிற கம்பி வீட்டில். வெளியே பள்ளிப் பிள்ளைகள், மைக், நாற்காலிகள். பொன்னுசாமி மாமா முன்வரிசையில். கொடியை ரிட்டயர்டு ஹெட்மாஸ்டர் ஏற்றிவிட்டார்.

அண்ணா, "நீ மேல ரயிலப் பாத்துக்க. பன்னெண்டு வோல்ட்டுதான், கையில புடிச்சாலும் ஒண்ணும் ஆவாது" என்று சொல்லிவிட்டு மேஜைத் துணியைத் தூக்கி அடியில் நுழைந்துகொண்டார். விரலால் வயரை அழுத்திப் பிடித்தார். ரயில் உள்ளே போயிற்று. பிள்ளைகள் கூட்டமாக வந்து மொய்த்தார்கள். நான் விளக்கம் சொன்னேன். செங்கல், காவி, சுண்ணாம்பு, ஏன் பீரங்கி தெரியவில்லை. ஒருத்தி, "கம்பியில ஜட்டி கூட காயுது பாரு" என்றாள். அது ஜட்டி இல்லை, கைக்குட்டை.

அப்போது மைக்கில் நோட்டீஸைப் பார்த்து யாரோ அண்ணா பெயரைப் படித்தார்கள். நம் ஊரின் பெருமை, பட்டாள வீரர், மாதிரி ரயிலைத் திறந்து வைக்க மேடைக்கு வரவும். இரண்டாம் முறை. மூன்றாம் முறை. செ.மா. அந்த ஆளின் கையைப் பிடிக்க ஓடினார்.

பொன்னுசாமி மாமா சத்தமாக, "யூனிபார்மே வரலீங்க, ஆளு எங்க வரும்" என்றார். சிலர் சிரித்தார்கள். அவருக்கு எப்படித் தெரிந்தது என்று தெரியவில்லை.

மேஜைக்கு அடியில் அசைவில்லை. அண்ணா கையை எடுத்தால் ரயில் நின்றுவிடும். அது ஓடிக்கொண்டே இருந்தது.

அப்பா கதவுப் பக்கம் நின்றிருந்தார். கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். மேடைக்குப் போகவில்லை, மைக்கும் வாங்கவில்லை. என் மேஜைக்கிட்டேயே நின்று எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார்:

"அவன் வேலையா இருக்கறானுங்க. நீங்களே தொறந்து வைங்க."

பிறகு குனிந்து மேஜைத் துணியைத் தூக்கினார். அண்ணா முழங்காலில் முகம் வைத்து, கையை மேலே நீட்டி, வியர்த்துப்போய் உட்கார்ந்திருந்தார்.

"காத்து வருதாடா உள்ள?"

"வருதுங்கப்பா."

அப்பா துணியைக் கீழே விடவில்லை. மடித்து, எல்லோருக்கும் தெரிகிற மாதிரி பலகைக்கு மேலே சொருகி வைத்தார்.