மாவுச் சல்லடையில் மண்

குறிஞ்சிப்பாடி,
செவ்வாய்க்கிழமை காலை.

அன்புள்ள சிந்துஜா அக்காவுக்கு,

ராஜமாணிக்கம் மகள் கொளஞ்சி வணக்கத்துடன் எழுதுவது. நீங்கள் ஆராய்ச்சிக்கு மண் எடுக்க எங்கள் கத்திரிக் கொல்லைக்கு வந்தபோது மோட்டார் கொட்டகைக்குப் பின்னால் நின்றேனே, அந்தப் பெண்தான். நேற்று போன் செய்ததும் நான்தான். உங்கள் குரல் கேட்டதும் வைத்துவிட்டேன்.

அக்கா, அம்மா இறந்துவிட்டார். களை முளைக்காமலிருக்கச் செடிக்கு அடியில் விரித்த பழைய பிளாஸ்டிக் மல்ச்சிங் ஷீட்டைப் பிடுங்கும்போது காலில் மண்வெட்டி பட்டது. சின்னக் காயம்தான். கடலூரில் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். ஊசியை மாற்றி மாற்றிப் போட்டார்கள், காய்ச்சல் இறங்கவில்லை. இந்தக் கிருமி மருந்துக்கு அடங்கவில்லை என்று டாக்டர் சொன்னார்.

அதிலிருந்து அப்பா நீங்கள் சொன்னதையே பிடித்துக்கொண்டிருக்கிறார். கோழிக்கு நோய் வராமல் கொடுக்கும் மருந்து கோழி எருவோடு கொல்லைக்கு வருகிறது, மண் அதைப் பிடித்து வைத்துக்கொள்ளும் என்றீர்கள். ஷீட் பொடியாகிக் கலந்தால் அந்தப் பிடி மாறுகிறதா, மருந்து தண்ணீரோடு போகிறதா, கிருமிகள் அந்த மருந்துக்குப் பழகிவிடுகின்றனவா என்று பார்க்கத்தான் வந்தேன் என்றீர்கள். அம்மா உடனே, "மண்ணுக்கே மருந்து குடுத்தாச்சா? எங்க வூட்டுக்காரருக்குக் குடுத்தாதான் ஒண்ணும் கேக்க மாட்டேங்குது" என்று சிரித்தது உங்களுக்கு ஞாபகம் இருக்கும்.

காரியம் முடிந்த மறுநாள் அப்பா, அம்மாவின் மாவுச் சல்லடையை எடுத்துக்கொண்டு கொல்லைக்குப் போனார். மண்ணை அள்ளிச் சலித்து ஷீட்டின் கறுப்புத் துணுக்குகளைச் சட்டியில் பொறுக்கிப் போட்டார். "எருவ அடிச்சதும் நாந்தான், முன்ன ஷீட்ட எடுக்காம உழவு ஓட்டுனதும் நாந்தான்" என்பதைத் தவிர வேறு பேச்சில்லை. பொடியாகிப் போன ஷீட் கண்ணுக்கே தெரியாது, சல்லடையில் நிற்காது என்று எனக்குத் தெரியும். அவர் குனிந்திருப்பதைப் பார்த்தால் அதைச் சொல்ல மனசு வரவில்லை. எட்டாவதோடு நின்றவள் சொன்னால் நம்பவும் மாட்டார்.

சல்லடைத் தகரம் அவர் உள்ளங்கையைக் கிழித்துவிட்டது. இப்போது கை வீங்கிச் சிவந்து, உடம்பு கொதிக்கிறது. மாமா மாத்திரை வாங்கி வந்தார். "அவளுக்குக் கேக்காத மருந்து எனக்கு மட்டும் எதுக்கு மச்சான்?" என்று சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். கடலூருக்கும் வர மாட்டேன் என்கிறார்.

எங்கள் மண்ணால்தான் அம்மா போனாரா என்று உங்களுக்குத் தெரியுமா? தெரிந்தால் என்னிடம் மட்டும் சொல்லுங்கள். தெரியாது என்றால், தெரியாது என்பதை அப்பாவிடம் சொல்லுங்கள். ஒருவருக்குக் கேட்காத மருந்து இன்னொருவருக்குக் கேட்கும் என்றும் சொல்லுங்கள். நீங்கள் படித்தவர், உங்கள் பேச்சைக் கேட்பார்.

இதை மாமாவிடம் கொடுத்தனுப்புகிறேன். சிதம்பரம் யுனிவர்சிட்டியில் உங்களைத் தேடித் தருவார். அவருடனேயே பஸ் ஏறி வந்துவிடுங்கள் அக்கா. மாத்திரையும் தண்ணீரும் அப்பாவின் தலைமாட்டில் இருக்கின்றன. வீட்டில் இப்போது அவரும் நானும்தான்.

உங்கள் அப்பாவும் அம்மாவும் நீண்ட நாள் உங்களோடு இருக்கட்டும்.

இப்படிக்கு,
வழி பார்த்திருக்கும்
கொளஞ்சி