பின் ஸ்பீக்கர்களில் ராபின்

டாட்மர்டன்,
14 பிப்ரவரி 2024

அன்புள்ள ரஸலுக்கு,

ஹேஸல் எழுதுகிறேன். உறையில் என் கையெழுத்தைப் பார்த்ததும் பயந்திருப்பாய். யாரும் சாகவில்லை. டெரிக்குக்கு இரண்டு முட்டியும் மாற்றியாகிவிட்டது. டிரம்ஸை விற்றுவிட்டுத் தோட்டத்தில் முட்டைக்கோஸை அதட்டிக்கொண்டிருக்கிறான். இங்கே மழை. அதில் ஒரு மாற்றமும் இல்லை.

நான் அனுப்பிய மூன்று மின்னஞ்சலுக்கும் நீ பதில் போடவில்லை. எனக்கு ரோஷம் வந்தது உண்மை. உன் மகள் ஐலாதான் இரக்கப்பட்டு முகவரி தந்தாள். “அப்பா அந்த ஆல்பம் பேச்சை எடுத்தாலே படகு ரிப்பேர் பாக்கப் போயிடுவாரு, ஆன்ட்டி. பேப்பர்ல எழுதுங்க, பேப்பரைத் தூக்கிப் போட மாட்டாரு” என்றாள். கெட்டிக்காரப் பெண். உன்னிடமிருந்து அது வந்திருக்காது.

விஷயத்துக்கு வருகிறேன். நம் ஆல்பம் ‘ஈரக்கரி’ வெளிவந்து முப்பது வருஷம் ஆகிறதாம். அதைச் சுற்றொலியில் மறுபடி கலந்து வெளியிட வேண்டும் என்கிறது கம்பெனி. கேட்பவருக்கு முன்னால் மூன்று ஸ்பீக்கர், முதுகுக்குப் பின்னால் இரண்டு, நடுவில் ஒரு நாற்காலி. கலக்கும் வேலை என்னுடையது. ஆனால் நாம் மூன்று பேரும் கையெழுத்துப் போட்டால்தான் வெளியே வரும். டெரிக் போட்டுவிட்டான். நான் இன்னும் போடவில்லை. ஏன் என்று சொல்லத்தான் இந்தக் கடிதம்.

பழைய டேப்புகள் பிசுபிசுவென்று ஒட்டிக்கொண்டிருந்தன. அப்படியே ஓட்டினால் உரிந்துவிடும். ஆப்பிள் உலர்த்தும் பெட்டி ஒன்று வாங்கி, ஒவ்வொரு ரீலையும் எட்டு மணி நேரம் இளஞ்சூட்டில் வைத்து எடுத்தேன். உன் கிடாரை ஒரு நாள் முழுக்க வேக வைத்திருக்கிறேன், ரஸல். அப்போதும் அது சுருதி சேரவில்லை.

கடைசிப் பாட்டு இருக்கும் ரீலை மட்டும் கடைசிவரை தொடாமலே வைத்திருந்தேன். உனக்கும் அது நினைவிருக்கும். மேட்டுச் சாப்பலில், அந்தப் பழைய தேவாலயத்தில், 1993 நவம்பரில், ஏழாவது டேக்.

அன்று நடந்ததை நீ முப்பது வருஷமாக மனசுக்குள் உருட்டிக்கொண்டிருப்பாய். உன் தம்பி ராபின் கடைசி வரியை ஒவ்வொரு முறையும் பிந்திப் பிந்திப் பாடினான். நீ தாளத்தோடு பாடச் சொன்னாய். அவன் ஹெட்போனைக் கழற்றிக் கழுத்தில் போட்டுக்கொண்டு, மறுபடி பிந்தினான். நம் வழக்கம் உனக்குத் தெரியும். பாட்டு முடிந்ததும் டெரிக்கின் சிம்பல் தட்டு அதிர்ந்து அடங்கும்வரை யாரும் அசையக் கூடாது, பத்து எண்ண வேண்டும். ராபின் விரல் விட்டு எண்ணுவான், பத்தாவது விரலில் மூக்கைச் சொறிவான், நாம் சிரிப்போம். ஏழாவது டேக்கில் நான்காவது விரலிலேயே நீ கத்திவிட்டாய். “போடா வெளிய. நீ இல்லாமயே முடிச்சுக்கறோம்.” அவன் மஞ்சள் மழைக்கோட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டான். நாம் மூவரும் பின்வாசல் வழியாகப் பப்புக்குச் சாப்பிடப் போனோம். நாலு மணிக்கு மலைச்சாலைப் பனிமூட்டத்தில் லாரி அவன்மேல் ஏறியது.

முதலில் உன்னிடம் சொல்ல வேண்டியது இது. அந்தப் பாட்டை அந்தக் காலத்தில் லண்டனில் யாரோ கலந்தார்கள். சாப்பலின் பின்பக்க மாடத்தில் நாம் தொங்கவிட்ட இரண்டு மைக்கையும் அவர்கள் சேர்க்கவே இல்லை. இந்த முறை அவற்றைப் பின் ஸ்பீக்கர்களில் போட்டேன். கேட்டதும் கை அப்படியே நின்றுவிட்டது. ராபின் ஒரு சொல்லைப் பாடுகிறான். அது மாடம்வரை போய் முட்டித் திரும்பி வருகிறது. அது வந்து சேர்ந்த பிறகுதான் அடுத்த சொல்லை எடுக்கிறான். ஹெட்போனைக் கழற்றியது திமிரில் இல்லை, அந்த எதிரொலியைக் கேட்பதற்கு. நமக்கெல்லாம் காதில் ஹெட்போன், நமக்கு அது கேட்கவில்லை. நடு நாற்காலியில் உட்கார்ந்து கேட்டால் ஒரு இம்மிகூடப் பிசகில்லை. அவன் பிந்தவில்லை, ரஸல். ஒரு முறைகூடப் பிந்தவில்லை.

இதோடு நிறுத்திவிட்டு, அன்புடன் என்று எழுதிக் கையெழுத்துப் போடலாம் என்று நேற்று வரை நினைத்தேன். முடியவில்லை.

அன்று டேப்பை ஓட்டியதும் நான்தானே. நீங்கள் சண்டை போட்ட பதற்றத்தில் நிறுத்த மறந்து வெளியே வந்துவிட்டேன். பப்பிலிருந்து திரும்பியபோது ரீல் தீர்ந்து, நுனி படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது. ஆக, நாம் போன பிறகு இருபது நிமிஷம் அந்தக் காலி அறை டேப்பில் பதிவாகியிருக்கிறது. இது எனக்கு மட்டும் தெரியும். அதை ஒரு நாளும் போட்டுக் கேட்டதில்லை. கம்பெனி வேறு ஒருவரைத் தேடுகிறது என்று தெரிந்ததும் நானே போன் செய்து வேலையைக் கேட்டு வாங்கினேன். பழைய பாசத்தில் என்று டெரிக் ஊரெல்லாம் சொல்கிறான். அந்த இருபது நிமிஷத்தை யாரும் கேட்பதற்குள் அழித்துவிடத்தான் வாங்கினேன்.

சொல்லிவிடுகிறேன். அன்று பப்பில் நான் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தேன். மஞ்சள் கோட்டு மேட்டுப் பாதையில் சாப்பலை நோக்கி ஏறுவதைப் பார்த்தேன். நீ தட்டிலிருந்து நிமிர்ந்து, “அவன் வந்துட்டானா, பாத்தியா?” என்று கேட்டாய். நான், “இல்ல, காணோமே” என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று முப்பது வருஷமாக எனக்கே நான் விதவிதமாக விளக்கம் சொல்லிப் பார்த்துவிட்டேன். டெரிக் ஏதோ சொன்னதற்கு நீ அப்போதுதான் சிரித்திருந்தாய், அந்த மாசத்தில் முதல் தடவை. அரை மணி நேரம் நிம்மதியாகச் சாப்பிடலாம், அவன் காத்திருக்கட்டும் என்று நினைத்தேன். இவ்வளவுதான் காரணம். இதைவிடப் பெரிதாக ஒன்றும் இல்லை.

நாம் திரும்பியபோது ஆர்மோனியத்தின் மேல் நாலு கோப்பை டீ ஆறிக் கிடந்தது. ஞாபகம் இருக்கிறதா? “மிஸஸ் பிக்கிள்ஸ் வெச்சிட்டுப் போயிருப்பாங்க, பாவம்” என்றான் டெரிக். சாப்பலைப் பார்த்துக்கொள்ளும் அந்த அம்மாள் அன்று ஊரிலேயே இல்லை. நான் நாலு கோப்பையையும் கழுவிக் கவிழ்த்து வைத்தேன்.

போன செவ்வாய்க்கிழமை காலை அதைக் கேட்டேன். சிம்பல் அடங்குகிறது, நீ கத்துகிறாய், நாம் போகிறோம். பன்னிரண்டு நிமிஷம் கூரையில் மழை மட்டும். பிறகு இடது தோளுக்குப் பின்னால் கதவு திறக்கிறது. நனைந்த ஷூ சத்தம். அது என் முதுகுக்குப் பின்னாலேயே இடமிருந்து வலமாக நடந்து போகிறது. நான் திரும்பிவிட்டேன், ரஸல். முப்பது வருஷமாக இந்தத் தொழிலில் இருப்பவள், ஸ்பீக்கரைத் திரும்பிப் பார்த்தேன். அடுத்த தடவையும் திரும்பினேன். இப்போது அந்த அறையில் சுவரில் முதுகை ஒட்டித்தான் உட்காருகிறேன். சுற்றொலியை அப்படிக் கேட்கக் கூடாது என்று எனக்குத் தெரியாதா?

“அண்ணே? டேய்... டெரிக்கு? எங்கடா போய்த் தொலைஞ்சீங்க?” பிறகு கெட்டில் கொதிக்கிறது. கோப்பைகள், ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. “டீ ஆறுது, அப்புறம் என்னைச் சொல்லாதீங்க.” தானே சிரித்துக்கொள்கிறான். பெஞ்சில் உட்காரும் சத்தம், எழுந்து நடக்கும் சத்தம். அப்புறம், மைக்குக்கு அருகில் வந்து மெதுவாக, “அண்ணே, நீ சொன்ன மாதிரியே பாடிடறேன். பிடிவாதம் பிடிக்கல. வாண்ணே” என்கிறான். காலால் தாளம் தட்டிக்கொண்டு கடைசி வரியைத் தனியாகப் பாடுகிறான். எதிரொலிக்குக் காத்திருக்கவில்லை. நீ கேட்ட அதே தாளத்தில், துளி பிந்தாமல் பாடுகிறான். சரியாகப் பாடியதை விட்டுவிட்டு உனக்காகத் தப்பாகப் பாடினான். முடித்துவிட்டுக் கொஞ்சம் நிற்கிறான். பிறகு கதவுச் சத்தம்.

நீ துரத்தியதால்தான் அவன் அந்தச் சாலைக்குப் போனான் என்று நீ நாடு விட்டுப் போனாய், கிடாரைக் கீழே வைத்தாய். அவன் திரும்பி வந்தான். உன்மேல் கோபத்தோடு போகவில்லை. உன்னைத் தேடி வந்து, யாரும் இல்லாததால் போனான். யாரும் இல்லாமல் இருந்தது என்னால். அழிக்கும் பொத்தானில் இரண்டு முறை விரல் வைத்தேன். இரண்டு முறையும் அந்தக் கோப்பைச் சத்தம் காதில் வந்தது. எடுத்துவிட்டேன்.

இத்துடன் சம்மதப் படிவமும் இரண்டு இசைத்தட்டுகளும் வைத்திருக்கிறேன். ஒரு தட்டு உலகத்துக்கு, நான்காவது எண்ணிக்கையோடு முடிந்துவிடும். நீ கத்துவது அதில் இல்லை. அதற்குச் சம்மதம் என்றால் கையெழுத்துப் போடு, இல்லையென்றால் கிழித்துப்போடு. இரண்டுக்கும் நான் ஒன்றும் சொல்ல மாட்டேன். மற்றது உனக்கு மட்டும், முழுசாக. ஐலா வீட்டில் ஐந்து ஸ்பீக்கர் இருக்கிறதாம். அவளும் பிள்ளைகளும் வெளியே போயிருக்கும் ஒரு பகல் நேரமாகப் பார்த்துப் போடு.

என்னை மன்னிக்கச் சொல்லி எழுதவில்லை. அதைக் கேட்கும் முகம் எனக்கு இல்லை. ஒரே ஒரு வேண்டுதல். நடு நாற்காலியில் உட்கார். பாட்டு முடிந்ததும் எழுந்துவிடாதே. இந்த முறையாவது பத்துவரை எண்ணு. உன் குரலே வரும், பல்லைக் கடித்துக்கொண்டு தாண்டிவிடு. பிறகு மழை, அதற்குப் பிறகு அவன் உள்ளே வருவான். திரும்பிப் பார்க்கத் தோன்றினால் பார், வெட்கப்படாதே. டீ ஆறுது என்று அவன் சொல்லும்போது, தயவு செய்து, “இதோ வந்துட்டேன்டா” என்று ஒரு வார்த்தை சொல்லிவிடு, ரஸல். நான் சொல்லிப் பார்த்தேன். அவன் என்னைக் கூப்பிடவில்லை.

உன் வீட்டில் எல்லோரும் நன்றாக இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
அன்று ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த
ஹேஸல்