மதுரன் ஊதிய என் குழல்

அன்புள்ள சுதர்ஷினி,

நான் சுகம். நீயும் பிள்ளையும் அம்மாவும் சுகமாக இருக்க மாரியம்மன் துணை. மஸ்கெலியாவில் குளிர் கூடிவிட்டதாமே, பிள்ளைக்குக் குல்லா போட்டுவிடு.

மார்கழி பஜனை வீடியோ பார்த்தேன். தோட்டத்து வரிசை வீடுகளில் லயத்துக்கு லயம் ஊதிக்கொண்டு போகும் பக்கத்து வீட்டு மதுரனின் கையில் இருப்பது என் குழல். நீ சுற்றிய சிவப்பு நூல் தெரிகிறது. போனில் கேட்டால் கத்திவிடுவேன் என்றுதான் எழுதுகிறேன்.

நாதஸ்வரம் என்றால் இரவல் கொடுக்கலாம், வாயில் வைக்கும் சீவாளியை மாற்றினால் போதும். கிளாரினெட்டிலும் வாய் வைக்கும் துண்டு தனியாகக் கழலும். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் ஊதும் பிளாஸ்டிக் ரெக்கோடரைக் கழுவிவிடலாம். மூங்கில் குழலுக்கு அப்படி ஒன்றும் இல்லை. என் உதடு பட்ட இடத்தில்தான் அவன் உதடும் பட வேண்டும்.

நேற்று எங்கள் வாத்தியக் கடையில் ஒருவருக்குப் புல்லாங்குழல் காட்டும்போது, இதே யோசனையில் அதைத் துடைத்துக்கொண்டே நின்றேன். "தம்பி, விக்கிறீங்களா, பாத்திரம் தேய்க்கிறீங்களா?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன்.

மதுரன் நன்றாகத்தான் ஊதுகிறான். அதுதான் தாங்கவில்லை. வீடியோவில் உன் குரல் கேட்கிறது: "இன்னொருக்கா ஊதுங்க." என்னிடம் நீ அப்படிக் கேட்டதே இல்லை.

குழலை அவனிடமிருந்து வாங்கி, தேங்காயெண்ணெய் தடவி, உன் பழைய சேலைத்துணியில் சுற்றி டிரங்குப் பெட்டியில் வைத்துப் பூட்டு. அண்ணன் கொழும்புக்கு வரும்போது கொஞ்சம் தேயிலைத்தூள் கொடுத்துவிடு, இங்கே உள்ளதைக் குடிக்க முடியவில்லை. கடை திறக்க நேரமாகிவிட்டது.

குழல் உன்னிடமே இருக்கட்டும். பெட்டிச் சாவியை மட்டும் தூளோடு அனுப்பு.

உன்
தவக்குமார்