வெள்ளை உடுப்பில் பியானோ வகுப்பு

ஜனவரி 14, செவ்வாய்

பேத்தி ரெனலினின் வெள்ளை உடுப்புக்கு இஸ்திரி போட்டேன். அவள் ஏழு மணி ஜீப்னி வண்டியில் நர்ஸிங் கல்லூரிக்குப் போனாள். மதியம் காய்ந்த மீனும் சோறும்.

வாசல் ஃப்ளெக்ஸில் அவள் முகம் வெளுக்க ஆரம்பித்துவிட்டது. ‘எங்கள் தெருவின் வருங்கால நர்ஸ்.’ நான்தான் அடித்து மாட்டினேன். மற்றவர்கள் கடைசிப் பரீட்சையில் தேறிய பிறகு மாட்டுவார்கள். சேர்ந்த அன்றைக்கே மாட்டியது நான் ஒருத்திதான்.

ஜனவரி 17, வெள்ளி

கல்லூரியிலிருந்து கடிதம். நான் படித்த ஐந்தாம் வகுப்புக்கு அந்த வார்த்தைகள் பெரியவை. எழுத்துக் கூட்டி மூன்று முறை படித்தேன். உடற்கூறில் தோல்வி. வேதியியலில் தோல்வி. முதல் பருவத்தில் இரண்டு பாடம் போனால் நர்ஸிங்கில் இடம் கிடையாது. தேதி டிசம்பர் 20.

அப்படியென்றால் இந்த மாதம் முழுக்க அந்த உடுப்பு எங்கே போய் வருகிறது?

அழுகை வரவில்லை. அடுப்பில் மீன் கிடந்தது, திருப்பிப் போட்டேன்.

ஜனவரி 20, திங்கள்

அடுத்த ஜீப்னியில் பின்னாலேயே போனேன். அவள் கல்லூரி வரைக்கும் போகவில்லை. ஹாரோவில் மாதா கோயில் பக்கம் இறங்கி மிஸ் ஆர்டில்லா வீட்டுக்குள் நுழைந்தாள். அங்கேதான் ஏழு வருடம் சனிக்கிழமை தோறும் பியானோ படித்தாள். கல்லூரியில் சேர்ந்ததும் நிறுத்தியது நான். “பியானோ வாசிச்சா நோயாளி எழுந்து நடப்பானா?” என்று கேட்டேன்.

ஜன்னல் திறந்திருந்தது. வெள்ளை உடுப்போடு உட்கார்ந்து ஒரு சின்னப் பெண்ணின் விரல்களைக் கட்டைகள் மேல் வைத்துக்கொண்டிருந்தாள்.

“மணிக்கட்டைத் தொங்கவிடாத கண்ணு. உள்ளங்கைல கோழிக்குஞ்சு இருக்கு, நசுக்கிடாத.”

இந்தக் குரலை வீட்டில் நான் கேட்டதே இல்லை.

திரும்பி வந்துவிட்டேன். கோபம் வரணுமே? வரல.

ஜனவரி 21, செவ்வாய்

இஸ்திரி போட்டேன்.

ஜனவரி 22, புதன்

இஸ்திரி போட்டேன். “இன்னைக்கு என்ன பாடம்?” என்று கேட்டேன். “இதயம், லோலா,” என்றாள், பாட்டியை லோலா என்றே கூப்பிட்டுப் பழகியவள். இரண்டு பேரும் சாப்பிட்டோம்.

ஜனவரி 25, சனி

என் மகள் எவ்லின் துபாயிலிருந்து பேசினாள். அங்கே ஒரு கிழவரைக் குளிப்பாட்டி ஊட்டிவிடுகிற வேலை. தன் பிள்ளை ஆஸ்பத்திரியில் நர்ஸாக வேண்டும், யார் வீட்டிலும் ஆயாவாகக் கூடாது என்று ஒரே பிடிவாதம்.

“எப்படிப் படிக்கிறா?”

“நல்லாப் படிக்கிறா.”

நாக்கு கூசக்கூட இல்லை. மரத்த நாக்கு.

பிப்ரவரி 3, திங்கள்

சாயங்காலம் பக்கத்து வீட்டு பெர்லா ஓடி வந்தாள். கையில் இன்சுலின் புட்டியும் ஊசியும். புருஷன் நேற்றுத்தான் ஆஸ்பத்திரியிலிருந்து வந்திருக்கிறார். ரெனலின் அப்போதுதான் உடுப்போடு உள்ளே நுழைந்திருந்தாள்.

“நம்ம தெரு நர்ஸு இருக்கையில நான் ஏன் குத்தணும்? போட்டு விடுடி.”

ரெனலின் என்னைப் பார்த்தாள். ஊசியை வாங்கிக்கொண்டாள். வாங்கிவிட்டாள்!

“எவ்வளவு ஏத்தணும், அத்தை?”

“என்னைக் கேட்டா? நீதானே படிக்கிற.”

அவள் புட்டிக்குள் ஊசியை விட்டாள். எவ்வளவு இழுப்பாள்? அவளுக்கே தெரியாது. தப்பாகப் போனால் அந்த மனுஷன்— தெருவே என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்த மாதிரி இருந்தது. அங்கே பெர்லா மட்டும்தான்.

“ஊசியைத் திருப்பிக் குடுத்துடு,” என்றேன். “பெர்லா, இவ நர்ஸும் இல்ல, நர்ஸுக்குப் படிக்கவும் இல்ல. ஃபெயிலாயிட்டா. வண்டி பிடிச்சு அவரைச் சுகாதார நிலையத்துக்குக் கூட்டிட்டுப் போ. ஓடு.”

பெர்லா வாசல் வரை போய்த் திரும்பினாள். “அப்ப அந்த ஃப்ளெக்ஸு?”

“கழட்டிடறேன்.”

“கழட்டினா எனக்குக் குடுங்கக்கா. பன்னிக் கொட்டாய் ஒழுகுது.”

அவள் போன பிறகு ரெனலின் சுவரோரம் நின்றாள்.

“உங்களுக்கு எப்ப தெரியும்?”

“கடுதாசி வந்துச்சு.”

“தெரிஞ்சும் ஏன் தினம் இஸ்திரி போட்டீங்க?”

“நீ ஏன் தினம் உடுத்திக்கிட்ட?”

“நீங்க இஸ்திரி போட்டு வெச்சிருந்தீங்களே, லோலா.”

பிப்ரவரி 4, செவ்வாய்

பெர்லா புருஷனுக்குப் பரவாயில்லை. பெர்லாவின் பன்றிகளும் இனி நனையாது.

பிப்ரவரி 8, சனி

எவ்லினிடம் சொல்லிவிட்டேன். ஃபெயிலானதை, மிஸ் ஆர்டில்லா வீட்டை, என் பொய்யை. “கிழவர் கூப்பிடறார்,” என்று வைத்துவிட்டாள்.

பிப்ரவரி 15, சனி

போன் வரவில்லை.

பிப்ரவரி 22, சனி

வரவில்லை.

மார்ச் 1, சனி

வந்தது. எடுத்ததும், “எத்தனை பிள்ளைங்க அவகிட்டப் படிக்குது?” என்றாள்.

“பதினொண்ணு.”

“பதினொண்ணா!”

அப்புறம் மூக்கை உறிஞ்சினாள். சளியாம்.

மார்ச் 22, சனி

மிஸ் ஆர்டில்லா வீட்டில் பிள்ளைகள் வாசிக்கிற நாள். கடைசி வரிசையில் கதவோரம் உட்கார்ந்தேன். பக்கத்திலிருந்த அம்மாள் விசிறியால் விசிறிக்கொண்டே கேட்டாள்.

“என் பொண்ணு மூணாவதா வாசிப்பா. உங்க பிள்ளை எது?”

ரெனலின் நீலப் பாவாடையில் நின்றாள். ஒவ்வொரு பிள்ளைக்கும் உயரம் பார்த்து ஸ்டூலைத் திருகிக்கொண்டிருந்தாள்.

“அதோ, ஸ்டூலைத் திருகுறாளே.”

“டீச்சரா? டீச்சரோட லோலாவா கதவுப்பக்கம் உக்காந்திருக்கீங்க? முன்னாடி போங்க, போங்க!”

போனேன்.