உப்புப் பார்த்து வாங்கிய தொட்டி மண்

மாடித் தோட்டமே கதியென்று கிடந்த என் வீட்டுக்காரருக்கு,

உங்க எலுமிச்சைச் செடியைக் கருக்கிவிட்டேன். சுற்றி வளைத்துச் சொல்ல எனக்கு வராது. இலை ஓரமெல்லாம் பழுப்பாகி, நுனி சுருண்டு, பாதி இலை கொட்டிவிட்டது.

நீங்க போன பிறகு தொட்டி மண் சிமெண்டு மாதிரி இறுகிவிட்டது. ஊற்றுகிற தண்ணீர் மேலேயே நிற்கிறது. மழை விட்டதும் மாற்ற வேண்டும் என்று ஆஸ்பத்திரிக் கட்டிலிலும் சொல்லிக்கொண்டிருந்தீங்க. சரி, மாற்றலாம். எதோடு எதைக் கலப்பீங்க? நீங்க மாடியில் மண் பிசைந்த நேரமெல்லாம் நான் தாம்பரம் மார்க்கெட்டில் கருவாடு விற்றுக்கொண்டிருந்தேன். ஒரு நாளாவது மேலே ஏறி வந்து கேட்டேனா?

வேங்கைவாசல் போகிற வழியில் இருக்கிற நர்சரிக்குப் போனேன். அதை நடத்துகிற லதா ஒரு பளபளப்பான பையை எடுத்து முன்னால் வைத்தாள்.

"இத எடுத்துக்கக்கா. ஃபாரின் பீட் மாஸ். கொட்னா போதும், செடி தானா வரும்."

அந்தப் பெயர் நீங்க சொல்லி எனக்குத் தெரியும். எங்கேயோ ஒரு சதுப்பு நிலத்தை வெட்டி எடுப்பது. மாடியில் நின்று நம்ம பள்ளிக்கரணைச் சதுப்புப் பக்கம் கையை நீட்டி, "அந்த ஊர்லயும் நாரை வரும் இல்ல? வெட்டி எடுத்துட்டா அது எங்க போய் நிக்கும்?" என்று கேட்டீங்க. ஒரு எலுமிச்சங்காய்க்கு இவ்வளவு பேச்சா என்று அன்றைக்குச் சிரித்தேன்.

"அது என் வூட்டுக்கு வாணாம்மா. அவரு திட்டுவாரு."

"அவருதான் இல்லியேக்கா."

"அதுக்கோசரந்தான் வாணான்றேன்."

அவள் தேங்காய் நார்த்தூள் கட்டிகளைக் காட்டினாள். கோகோ பீட் என்கிறார்கள். பெயரில்தான் பீட், சரக்கு நம்ம தேங்காய் மட்டைதான். இரண்டு வகை இருந்தது. அதற்குள் யாரோ ரோஜாப் பதியன் கேட்டு வர, லதா அந்தப் பக்கம் போய்விட்டாள். நான் என் வழக்கப்படி இரண்டையும் கிள்ளி நாக்கில் வைத்துப் பார்த்தேன். ஒன்று சப்பென்று இருந்தது. இன்னொன்றில் உப்புக் கரித்தது.

சப்பென்ற சரக்கு தாங்காது, உப்பு ஏறியதுதான் மழைக்காலத்தைத் தாண்டும். இத்தனை வருஷ வியாபாரம் எனக்குச் சொல்லிக் கொடுத்தது அதுதானே? உப்புக் கட்டியை எடுத்துக்கொண்டேன். உரத்தையும் அப்படியே, வாடை தூக்கலாக இருந்த மூட்டையாகப் பார்த்து எடுத்தேன். நல்ல சரக்கு வாங்கிவிட்டேன் என்ற நினைப்போடு வீட்டுக்கு வந்து, அன்றைக்கே இரண்டையும் கலந்து செடியை மாற்றி நட்டேன்.

அடுத்த வாரமே தொட்டியை ஆட்டோவில் ஏற்றி லதாவிடம் கொண்டுபோக வேண்டியதாகிவிட்டது.

"இன்னாக்கா பண்ண? கட்டியக் கழுவுனியா?"

"கழுவுனா உப்பு பூடுமே."

அவள் தலையில் அடித்துக்கொண்டாள். "உப்பு போறதுக்குத்தான்கா கழுவுறதே."

ஊறவைத்து, பிழிந்து, அந்தத் தண்ணீரைக் கொட்டி, நாக்கில் உப்பு தெரியாமல் போகிற வரைக்கும் திரும்பத் திரும்பக் கழுவ வேண்டுமாம். கழுவிய கட்டிதான் அந்தச் சப்பென்றது. உரம் என்றால் கையில் அள்ளும்போது சூடு இருக்கக் கூடாது. முதல் மழை விழுந்த மண் மாதிரி மணக்க வேண்டும். "உன் உரத்துல இன்னும் முட்டகோசு எல தெரியுது பாரு. அது மக்கவே இல்லக்கா, வெந்துகினு கீது."

எதையும் கெடாமல் வைக்க எனக்குத் தெரிந்தது உப்பு ஒன்றுதான். கடையும் வீடும் அதில் நின்றவைதான். உங்களுக்கும் உப்பு ஆகாது என்று டாக்டர் சொன்னபோது கையைப் பிசைந்துகொண்டு நின்றேன். இப்போது இந்தச் செடி முன்னாலும் அப்படியே நிற்கிறேன். வேறு என்ன செய்வேன், சொல்லுங்க?

லதா தண்டை நகத்தால் கீறிப் பார்த்தாள். "உள்ள பச்ச கீதுக்கா. ஆனா நான் கேரண்டி தர மாட்டேன்."

"விக்கறப்ப மட்டும் தானா வரும்னியே?"

"அது வியாபாரம். உனுக்குத் தெரியாததா?"

வேர் கழுவி, கழுவிய நார்த்தூளும் மக்கின உரமும் செம்மண்ணும் கலந்து அவளே நட்டுவிட்டாள். பக்கத்தில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டேன். பிழைத்து வந்தால் நீங்க வைத்த அதே மூலையில் வைப்பேன். அடுத்த முறை மண் மாற்றும்போது கட்டியை என் கையாலேயே கழுவுவேன். இது சத்தியம்.

லதாவோடு பேசி முடித்தது இதுதான். செடி லதாவின் நிழல்வலைக்கு அடியில் இருக்கும். நான் போய்ப் பார்க்கலாம், தண்ணீர் ஊற்றக் கூடாது. துளிர்த்தால் வீட்டுக்கு வரும். துளிர்க்காவிட்டால், என் மனம் ஆறட்டும் என்று வேறு செடியை அந்தத் தொட்டியில் வைத்து அவள் என்னை ஏமாற்றக் கூடாது. கூலி, மாதாமாதம் அவள் வீட்டுக்கு நெத்திலிக் கருவாடு, உப்புக் குறைத்துப் போட்டது.

உங்களைக் கட்டிக்கொண்ட
கருவாட்டுக்காரி