பெடியளுக்கு ஓர் அடிக்குறிப்பு

பிப்ரவரி 9, 2024

கருத்தரங்கில் கட்டுரை எடுபட்டது. நான் எதிர்பார்த்ததற்கும் மேலே.

தலைப்பில் 'உறங்கும் வலைப்பின்னல்கள்' என்றிருந்ததே பாதி வேலையைச் செய்துவிட்டது. நான் வைத்திருந்தது வெறும் 'உறவினர் வலைப்பின்னல்கள்'. எங்கள் ஆய்வு மைய இயக்குநர் வைத்தீஸ்வரன்தான் மாற்றினார். பெங்களூரில் இருக்கிற ஈழத்தமிழர்களின் உறவுமுறையைக் கேட்க யார் வருவார்கள், உறங்குகிறது என்றால் எழுப்பிப் பார்க்க ஆள் வரும் என்றார். வந்தார்கள். அரங்கு நிறைந்திருந்தது.

ஆனால் எல்லோரும் பேசியது என் அடிக்குறிப்பைப் பற்றி. பிரேசர் டவுனில் இடியாப்பம் செய்து விற்கும் அகதிப் பெண்மணி ஒருவர் பேட்டியில் சொன்னது: "பெடியள் வருவினம், சாப்பிடுவினம், போவினம். நான் ஒருத்தரிட்டயும் ஒண்டும் கேக்கிறேல்லை." அதற்குக் கீழே நான்: பெடியள் என்பது எண்பதுகளிலிருந்து ஆயுத இயக்கத்து இளைஞர்களைக் குறிக்க வழங்கிய சொல், இவர் அதை நிகழ்காலத்தில் சொல்வது கவனிக்கத்தக்கது.

டெல்லியிலிருந்து வந்திருந்த ஓய்வுபெற்ற உளவுத்துறை அதிகாரி ஒருவர் தேநீர் இடைவேளையில் தோளைத் தட்டினார். மொழி தெரிந்தவனுக்குத்தான் இது கண்ணில் படும் என்றார். கட்டுரையை மெயிலில் அனுப்பச் சொன்னார். மேடையிலிருந்து இறங்கிய சூட்டோடு அனுப்பிவிட்டேன். தங்கவயல் சுரங்கக்காரன் மகன் டெல்லிக்காரர்களுக்குத் தமிழ் சொல்லிக்கொடுத்தான். எழுதி வைத்துக்கொள்ளலாம்.

பிப்ரவரி 11

காலைக்கு இடியாப்பமும் சொதியும். ஹெலன் பிரேசர் டவுன் போய் என் மாமியார் வீட்டில் தலைகாட்டிவிட்டு, அப்படியே தவமலர் அக்காவிடம் வாங்கி வந்தாள். அந்தப் பேட்டி தந்தவர் அவர்தான். சின்ன வயதிலிருந்து ஹெலனுக்குத் தெரிந்தவர், அவள் சொன்னதால்தான் என்னிடம் பேசவே சம்மதித்தார். மகள் கல்யாணமாகி யாழ்ப்பாணம் திரும்பிவிட்டாள். மே மாதம் தலைப்பிரசவம். அக்கா இங்கே எல்லாவற்றையும் முடித்துக்கொண்டு ஊரோடு போகப்போகிறாராம். தம்பியின் கட்டுரை எப்படிப் போனது என்று விசாரித்தாராம்.

இடியாப்பத்துக்குக் காசு வாங்கவில்லையாம். கட்டுரை நன்றாகப் போனதற்காக.

மார்ச் 19

தவமலர் அக்கா போன் செய்தார்.

அகதியாகப் பதிந்தவர் நாட்டை விட்டுப் போக இங்கே அனுமதி வாங்க வேண்டும். இத்தனை நாள் கையெழுத்து ஒன்றுதான் பாக்கி என்றிருந்தது, இப்போது நிறுத்தி வைத்திருக்கிறார்கள். கூப்பிட்டு உட்காரவைத்து, வீட்டுக்கு வந்து சாப்பிட்டுப் போகும் பையன்கள் யார், பெயர் என்ன, எங்கே தங்கியிருக்கிறார்கள் என்று கேட்டார்களாம்.

"நான் கதைக்கிற மாதிரியே கேக்கினம், தம்பி. வருவினம், சாப்பிடுவினம், போவினம் எண்டு. எனக்குச் சிரிப்பும் வந்தது, பயமும் வந்தது."

பிறகு கேட்டாரே, அதுதான். "உங்களுக்குப் பெரிய ஆக்களைத் தெரியும்தானே. ஒருக்காக் கதைச்சுப் பாருங்கோவன்."

பார்க்கிறேன் அக்கா என்றேன். அப்படித்தான் சொன்னேன்.

மார்ச் 20

பேரை மாற்றித்தானே எழுதினேன்? — பிரேசர் டவுனில் இடியாப்பம் விற்கும் யாழ்ப்பாணத்துப் பெண் என்று எழுதிவிட்டுப் பேரை மாற்றினேன். மண்டையில் என்ன இருந்தது எனக்கு?

மார்ச் 23

பேட்டியின் ஒலிப்பதிவை இன்று முழுக்கக் கேட்டேன். நான் எடுத்தாண்ட வரிக்கு முன்னால் அக்கா நர்சிங் காலேஜைப் பற்றிப் பேசுகிறார். ஊரிலிருந்து படிக்க வந்த பிள்ளைகள். ஹாஸ்டல் சாம்பாரில் சர்க்கரை போடுகிறார்களாம், வாயில் வைக்க முடியவில்லையாம். ஞாயிற்றுக்கிழமை இங்கே வந்துவிடுவார்கள். அப்புறம்தான் அந்த வரி. ஒன்றும் கேட்பதில்லை என்று அவர் சொன்னது காசை.

சாம்பார் கதை கட்டுரைக்குத் தேவையில்லை என்று வெட்டியது நான்தான்.

தெரியாமல் நடந்த தவறு என்று எழுதிக்கொள்ள ஆசையாக இருக்கிறது. பெடியள் என்ற சொல்லை நான் முதலில் பார்த்தது இங்கிலீஷ் புத்தகங்களில், சாய்ந்த எழுத்தில், அர்த்தத்தோடு. பக்கத்து ஏரியாவில் அதைப் பேசுகிற மனுஷி காபி கொடுத்து உட்காரவைத்தபோதும் புத்தகத்து அர்த்தம்தான் காதில் விழுந்தது. அதுகூடப் பரவாயில்லை. அன்றைக்கே ஒரு நொடி சந்தேகம் வந்தது. எந்தப் பெடியள் அக்கா என்று கேட்டிருக்கலாம். கேட்டால் சப்பென்று ஆகிவிடுமோ என்றுதான் வாயை மூடிக்கொண்டேன். இது வெளியில் யாருக்கும் தெரியாது. எனக்குத் தெரியுமே. த்தூ.

மார்ச் 26

அக்கா மறுபடி போன். பேசிக்கொண்டிருக்கிறேன் என்றேன். யாரிடமும் பேசவில்லை. நல்லாயிருப்பீங்கள் தம்பி என்றார்.

ஏப்ரல் 3

வைத்தீஸ்வரனிடம் சொன்னேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே கேட்டார். கட்டுரையைத் திரும்பப் பெற்றால் மையத்தின் பேர் கெடும், நிதி கொடுப்பவர்கள் கேள்வி கேட்பார்கள். புத்தகமாக வரும்போது அந்தக் குறிப்பைச் சத்தமில்லாமல் எடுத்துவிடலாம். ஜூலையில் என் வேலையை நிரந்தரமாக்கும் பேச்சு இருப்பதையும் ஞாபகப்படுத்தினார். மிரட்டலாகச் சொல்லவில்லை. அக்கறையாகவே சொன்னார்.

எழுந்து வரும்போது நன்றி சார் என்றேன். எதற்கு?

ஏப்ரல் 8

ஹெலனுக்குத் தெரிந்துவிட்டது. அக்காவைக் கூப்பிட்டு விசாரித்ததைக் கேள்விப்பட்டு, என்ன கேட்டார்கள் என்று தெரிந்துகொண்டு, கட்டுரையை எடுத்துப் படித்திருக்கிறாள். பள்ளிக்கூட டீச்சர், அடிக்குறிப்பு வரை படிப்பாள்.

கத்தவில்லை. துணி மடித்துக்கொண்டே கேட்டாள்: "உங்கம்மா போன் பண்ணி, பசங்க சாப்ட்டாங்களான்னு கேப்பாங்க இல்ல? அதுக்கும் கீழ குறிப்பு போடுவியா நீ?"

அப்புறம், "அந்த வீட்டுக்கு உன்ன கூட்டிட்டுப் போனவ நான், சித்தார்த்" என்றாள்.

ஏப்ரல் 14

எங்கள் ஜோகுபாளையம் முழுக்க நீலக்கொடி, ஸ்பீக்கர், மோர். அம்பேத்கர் படத்துக்கு மாலை போட என்னைக் கூப்பிட்டார்கள். பிஎச்.டி. முடித்தவன் என்பதால் நம்ம ஏரியா டாக்டர் என்று மைக்கில் வேறு சொன்னார்கள். போட்டேன். போட்டுவிட்டு நேராக பிரேசர் டவுன் போனேன்.

"வாங்கோ தம்பி, இருங்கோ" என்றார் அக்கா. வீடு ஞாயிற்றுக்கிழமை வீடு மாதிரி இல்லை. பிள்ளைகளை இனி வரவேண்டாம் என்று அவரே சொல்லிவிட்டாராம், அவர்களுக்கும் வில்லங்கம் வரக்கூடாதென்று. தட்டுகளைக் கழுவி அடுக்கிக் கவிழ்த்து வைத்திருந்தார்.

சொன்னேன். எல்லாவற்றையும். சந்தேகம் வந்தும் கேட்காமல் விட்டதையும்.

அவர் அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்தார். முதலில் கேட்டது தன்னைப் பற்றி இல்லை. "பெடியளின்ரை பேருகளையும் குடுத்தனீங்களோ?"

இல்லை என்றேன்.

பிறகு, "நீங்களும் தமிழ் ஆள்தானே. விளங்கேல்லை எண்டால் என்னட்டக் கேட்டிருக்கலாமே" என்றார். எனக்கு விளங்கவில்லை என்றே இன்னமும் நினைக்கிறார். அதைத் திருத்த எனக்கு வாய் வரவில்லை. எல்லாம் சொன்னேன் என்று மேலே எழுதியிருக்கிறேன். சொன்னேன்தான், அவருக்கு அது நம்பக்கூடியதாக இல்லை.

ஏப்ரல் 22

கட்டுரையைத் திரும்பப் பெற்றேன். காரணத்தை என் பேர் போட்டு எழுதினேன்: சொல்லுக்குத் தவறான பொருள் கொடுத்தேன், பின்னணியை வெட்டினேன். அந்த டெல்லி அதிகாரிக்கும், அனுமதியை நிறுத்தி வைத்த அலுவலகத்துக்கும் அனுப்பினேன். டெல்லியிலிருந்து பதில் இல்லை. வைத்தீஸ்வரன் காரிடாரில் பார்த்தும் பார்க்காத மாதிரி போனார். ஜூலை அவ்வளவுதான்.

நல்லது செய்துவிட்டதாக மனசு லேசாகிறது. ஆகக்கூடாது.

மே 7

யாழ்ப்பாணத்தில் பெண் குழந்தை. ஹெலன் சொன்னாள். அக்கா போனில் பார்த்தாராம்.

மே 30

அனுமதி அலுவலகத்தில் என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். மேசைக்குப் பின்னால் இருந்தவருக்குத் தமிழ் தெரியாது. கன்னடத்தில் விளக்கினேன்: சொல்லின் வரலாறு, வட்டாரம், எண்பதுகள், என் பிழை. பொறுமையாகக் கேட்டுவிட்டு, "ஹுடுகரு, அஷ்டேனா?" என்றார். பையன்கள், அவ்வளவுதானா?

அவ்வளவுதான் சார் என்றேன். எழுதிக்கொண்டார்.

ஜூன் 16

அனுமதி வந்துவிட்டது. அக்கா புதன்கிழமை கிளம்புகிறார். ஹெலனோடு போனேன், வரவேண்டாம் என்று அவள் சொல்லவில்லை.

கதவைத் திறந்து, "வாங்க சார், உட்காருங்க" என்றார்.

முதலில் பின்னால் வேறு யாரோ நிற்கிறார்களோ என்று திரும்பிப் பார்த்தேன். என்னைத்தான். பெட்டியெல்லாம் கட்டியாச்சா என்று கேட்டேன். "கட்டிட்டேன் சார்." குழந்தைக்குப் பேர் வைத்தாச்சா? "இன்னும் வைக்கல." ஒவ்வொரு சொல்லுக்கும் முன்னால் சின்ன இடைவெளி, டிவியில் பேசுகிற தமிழ் மாதிரி சுத்தமாக வந்தது. முப்பது வருஷத்துக்கும் மேலாக இந்த ஊரில் இருந்தும் மாற்றாத பேச்சு. என் முன்னால் இப்போது அதில் ஒரு சொல்கூட வெளியே விடவில்லை. தப்பித்தவறி "இருங்கோ" என்று ஆரம்பித்தவர் நிறுத்தி, "இருங்க, டீ போடறேன்" என்றார்.

வேண்டாம் என்று சொல்ல எனக்கு உரிமை இருக்கிறதா என்று தெரியவில்லை. குடித்தேன்.

ஹெலன் பாத்திரங்களைப் பிரித்து வைக்க உள்ளே போனாள். விடைபெற்றுக்கொண்டு நான் வெளியே வந்து செருப்பு மாட்டும்போது, ஜன்னல் வழியாக அக்காவின் குரல் கேட்டது. ஹெலனிடம் ஏதோ சொல்லிச் சிரிக்கிறார், அவருடைய தமிழில், வேகமாக.

என்ன சொல்கிறார் என்று காதில் விழுவதற்கு முன்னால் தெருமுனை வரை நடந்து போய் நின்றுகொண்டேன்.